புள்ளி

எஸ்ஸனில் நவம்பர்.
ஏழரைக்கும் விடியவில்லை.
நிலக்கரி தோண்டிய காலம் முடிந்து
சுரங்கக் கோபுரத்தின் சில்லு சுற்றாமல் நிற்கிறது.
நெஞ்சுகள் மட்டும் இன்னும்
அந்தத் தூசிக்குக் கணக்கு வைத்திருக்கின்றன.

ஐஸ்பெட்டியில் ஒரு குழாய் வந்தது.
மூச்சுக்கிளையைக் கழுவி எடுத்த நீர்,
பத்து மில்லி, கொஞ்சம் கலங்கல்.
பெயர் இல்லை. 4471, ஆண், 1956.
ஸ்கானில் வலது மேல்மடலில் ஒரு நிழலாம்.
ஊசி போய்ப் பார்த்து
வெறுங்கையோடு திரும்பியதாம்.
ஆகவே என்னிடம்.

கட்டி அகப்படாத இடத்தில்
நான் காவலைத் தேடுகிறேன்.
தறிகெட்டுப் பெருகும் கலத்தை
'நில்' என்று அதட்டும் மரபணு
அவருக்கும் உண்டு, எனக்கும் உண்டு.
யாரும் திருடவில்லை.
ஓர் எழுத்தும் தொலையவில்லை.
ஆனாலும் சில நெஞ்சுகளில்
அதன் தலைவாசலில்
சி என்னும் எழுத்துகளின் மேல்
மீத்தைல் வந்து குந்திவிடும்.
ஒரு காபன், மூன்று ஐதரசன், அவ்வளவுதான்.
காவல் வாயடைத்துப் போகும்.

இங்கே கேட்பவர்களுக்கு
பூட்டு, திரை, பிளாஸ்திரி என்று
என்னென்னவோ சொல்லிப் பார்த்திருக்கிறேன்.
தமிழில் எனக்கு ஒரு வரி போதும்:
மேலே புள்ளி விழுந்துவிட்டது.
ககரத்தின் தலையில் புள்ளி வைத்தால்
உயிர் போகும், மெய் கிடக்கும்.

பைசல்ஃபைட் ஊற்றிச் சூட்டில் வைக்கிறேன்.
புள்ளியில்லாத சி எல்லாம் உருமாறும்.
புள்ளி பட்டது அடம்பிடித்து நிற்கும்.
நிற்பதைத்தான் எண்ணுகிறேன்.

முதல் ஓட்டம் வீண்.
எல்லாரிடமும் பேச வேண்டிய
கட்டுப்பாட்டு மரபணுவே பேசவில்லை.
அது பேசாவிட்டால்
மற்றதன் மௌனத்தை என்னவென்று எழுதுவது?
மிச்சம் நாலு மில்லி இருந்தது.
இல்லாவிட்டால் அந்த மனிதர்
இன்னொரு தரம் குழாயை விழுங்கியிருப்பார்.

இரண்டாம் ஓட்டம் ஓடுகையில்
பைக்குள் சாப்பாட்டுப் பெட்டியைத் தேடினேன்.
ஆரணியின் தமிழ்க் கொப்பி வந்தது,
மாறி எடுத்து வந்திருக்கிறேன்.
சனிக்கிழமை வீட்டுப்பாடம்:
பககம், கபபல், முததம்.
அவசரக்காரி. ஒரு புள்ளிகூட இல்லை.
எல்லா எழுத்தும் உயிரோடு.
சிரித்துவிட்டுத்தான் திரையைப் பார்த்தேன்.

வெறும் தண்ணீர் வைத்த குழி
கிடக்க வேண்டியபடி தட்டையாய்க் கிடந்தது.
கட்டுப்பாடு இருபத்தேழாம் சுற்றில் எழுந்தது.
4471 முப்பத்தொன்றில்
மெல்லத் தலைதூக்கியது,
மூன்று குழியிலும்.

டொக்டர் ஹோல்ஷர் தொலைபேசியில்:
ஓமா, இல்லையா?
புள்ளி இருக்கிறது என்றேன்.
எத்தனை நாளாய் என்று தெரியாது.
கட்டியென்று நான் சொல்லமாட்டேன்,
கத்திதான் சொல்ல வேண்டும்.
மறுமுனையில் விசைப்பலகைச் சத்தம்.
சின்னதாய் இருக்கையிலேயே பிடித்தால், என்றார்.
முடிக்கவில்லை.

அறிக்கைக்கென்று ஒரு ஜேர்மன் சொல் இருக்கிறது.
'கண்ணில் படுகிறது' என்ற அளவில்தான் அதற்குப் பொருள்.
அதை எழுதிக் கையொப்பமிட்டேன்.

திரும்பும் ட்ராமில்
பின்னால் யாரோ இருமினார்கள்.
திரும்பாமலே
பிறந்த ஆண்டைக் கணக்குப் போட்டேன்.