ஆறு காதுகள்

பெட்டியைப் பிரித்ததும் மேசையில் உருண்டவை
ஆறு காதுகள்.
குரோம் பூச்சு. ஒவ்வொன்றின் பின்னாலும்
ஒரு குட்டிச் சக்கரம், அதுதான் பூட்டு.
நாலாயிரத்து எண்ணூறு ரூபாய்.
பெரம்பூரில் இந்த வீட்டுக் கதவில் தொங்குகிற பூட்டு
இருநூற்றி எழுபது.

பழையவற்றை எவ்வளவு திருகியிருப்பேன்.
மரகதம் டீச்சர் என் காதைத் திருகியதைவிட அதிகம்.
அழும், சரியாகும், அடுத்த பாட்டில்
மறுபடி அதே பொய்.
முக்கியமாக மூன்றாவது கம்பி.
வாமி பாரை ஒரு தடவை அமுக்கி விட்டால் போதும்,
இறங்கின குரல் மேலே வரும்போது
பாதிப் படியில் உட்கார்ந்துகொள்ளும்.

கீழ்ப்பாக்கத்தில் ஒரு கல்யாண வரவேற்பு.
ப்ளெஸ்ஸன் மைக்கில் மூன்று தடவை சொன்னான்:
'ஒரு நிமிஷம், ஜெபா டியூன் பண்றாங்க.'
மூன்றாவது தடவை பந்திப் பக்கம் யாரோ கைதட்டினார்கள்.
வேனில் திரும்பும்போது கஃபூர்
ஹை-ஹாட்டை மடியில் வைத்துக்கொண்டு பேசாமல் வந்தான்.
ப்ளெஸ்ஸன் பேசினான்:
'கிடார்ல தப்பில்ல. உன் காதுல.'

அதற்குப் பிறகு பதினொரு நாள்.

இன்று ஞாயிறு. மின்விசிறியை நிறுத்திவிட்டேன்,
ஸ்க்ரூ அவ்வளவு சின்னது, காற்றுக்கே உருளும்.
முழங்கை வழியே வியர்வை மேப்பிள் மரத்தில் சொட்டுகிறது.
கறுத்த கம்பிகளை வெட்ட வெட்ட
ஒவ்வொன்றும் பல்லிவாலாய்த் துள்ளுகிறது.
கழற்றிய இடத்தில் மரம் வெளுப்பாக,
மோதிரம் கழற்றிய விரல் போல.

பழைய துளைகள் பொருந்தவில்லை.
பல்குச்சி, ஃபெவிகால், காத்திருத்தல்.
புதிதாக ஆறு போட வேண்டும். இரண்டு மில்லிமீட்டர்.

கீழ்வீட்டு வேதகிரி ஏசி மாட்டுகிறவர்.
கான்க்ரீட்டுக்கே கண் சிமிட்டாதவர்
டிரில்லோடு வந்து பார்த்து,
'என்ன விலைம்மா இது?' என்றார்.
சொன்னேன்.
டிரில்லை என் கையில் வைத்துவிட்டு
'நீயே போட்டுக்கம்மா' என்று படியிறங்கினார்.

போட்டேன்.
பிட்டில் இன்சுலேஷன் டேப்பைச் சுற்றி
இதற்குமேல் போகாதே என்று எனக்கே ஒரு கோடு.
ஐந்து ஸ்க்ரூ ஒழுங்காய் இறங்கின.
ஆறாவது தலை முறிந்து
உடம்பு மரத்துக்குள்ளேயே தங்கிவிட்டது.
இருக்கட்டும்.
அந்தக் காதை முன்னால் இருக்கிற நட்டு பிடித்துக்கொள்ளும்.

பிறகு அந்தச் சுகம்:
கம்பியைத் துளையில் விட்டு, இழுத்து,
பின்னால் சக்கரத்தை முறுக்கி, மிச்சத்தை நறுக்.
முன்பெல்லாம் மூன்று சுற்று, நாலு சுற்று,
ஒன்றின்மேல் ஒன்று ஏறி நழுவும்.
இப்போது அரைத் திருகலில் சுருதி வந்து நிற்கிறது,
மீட்டர் போட்டு வந்த ஆட்டோ மாதிரி,
நம்ப முடியாமல்.

வாமி பாரை அமுக்கினேன், கம்பிகள் தொளதொளக்கும்வரை.
விட்டேன்.
ஐந்து கம்பி வீடு திரும்பியது.
மூன்றாவது
பாதிப் படியில் உட்கார்ந்திருந்தது.

சிரித்தேனா, ஞாபகமில்லை.
காதை மெல்லத் திருகினேன். 'டிக்' என்றது.
சத்தம் காதிலிருந்து வரவில்லை.
கழுத்து முடிகிற இடத்தில் கம்பிகள் படுக்கும் வெள்ளைத் துண்டு,
அதன் குறுகின பள்ளத்தில்
இத்தனை வருஷமும் சிக்கிக்கொண்டிருந்திருக்கிறது.

எதிர்வீட்டு இஷானாவின் ஜியாமெட்ரி பாக்ஸிலிருந்து
ஒரு பென்சில் கடன்.
பள்ளத்தில் கரியைத் தேய்த்து, கம்பியைப் படுக்கவைத்து,
அமுக்கி, விட்டு,
வந்தது.
மறுபடி. வந்தது.
கேரேஜ் பக்கம் ஒரு ரயில் கூவியது,
அது தாண்டும்வரை பொறுத்து, மறுபடி.
வந்தது.

நாலாயிரத்து எண்ணூறு ரூபாய்
ஒன்றும் தெரியாததுபோல் மின்னுகிறது.

போனில் பதிவு செய்தேன். ஒன்பது நொடி,
ஒரு இறக்கம், ஒரு ஏற்றம்.
ப்ளெஸ்ஸன் பெயர்வரை விரல் போனது.
கஃபூருக்கு அனுப்பினேன்.
'என்ன இது?' என்று கேட்டிருக்கிறான்.
இன்னும் பதில் எழுதவில்லை.
முதலில் பென்சிலைத் திருப்பிக் கொடுக்க வேண்டும்,
நாளைக்கு அவளுக்குக் கணக்குப் பரீட்சை.