துவைத்தாலும் போகாத மை

எண் கூடக் கூடக் குண்டு சிறுக்கும்.
இதை என் மண்டை ஒப்புக்கொள்ள
இரண்டு வேட்டைப் பருவங்கள் ஆயின.
ஏழாம் எண் கடுகு. மூன்றாம் எண் மிளகு.
காட்டுப்பன்றிக்கு எண்ணே கிடையாது,
ஒற்றை உருண்டை,
கட்டைவிரல் நுனிப் பருமன்.

செவ்வாய்க்கிழமை ரைவோ என் வேட்டைச் சட்டையைப்
பையைத் துழாவாமல்
சலவை இயந்திரத்தில் போட்டுவிட்டான்.
நாற்பது டிகிரி, ஒரு மணி நேரம்.
கதவைத் திறந்தால்
பதினொரு தோட்டாக்கள்
குளித்த பிள்ளைகள்போலப் பளபளக்கின்றன.
எல்லாமே சிவப்பு ஓடு.
எதிலும் எழுத்து இல்லை.

சமையல் தராசில் நிறுத்தேன்.
காதருகே குலுக்கினேன்.
பன்றிக்கானது இரண்டு, வாயைத் தடவியதும் தெரிந்தது.
மீதி ஒன்பதும் வாய் திறக்கவில்லை.
நனைந்த மருந்தை நம்பக் கூடாது,
தெரியும்.
என்றாலும் யார் யாரென்று அறியாமல்
எறிய மனம் வரவில்லை.
கத்தியால் ஒன்றைக் கீறினேன்.
மேசை முழுக்க உருண்டோடியது.
எதிரே கெர்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள்.
கிண்ணத்திலும் ரவை, மேசையிலும் ரவை.
"அம்மா, எதை அள்ளித் தின்ன?" என்றாள்.
கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

முஸ்த்வே கடையில் ஏவல்ட்
பெட்டியைத் தொடுமுன் கேட்பான்:
"எதற்கு?"
பச்சைத்தலை வாத்துக்கு.
"எங்கே?"
பெய்ப்சி ஏரி, நாணலுக்குள்.
"அப்படியானால் ஈயம் கூடாது. எஃகு.
எஃகு இலேசு, சீக்கிரம் களைத்துவிடும்.
ஈயத்தில் ஐந்து கேட்பவள்
எஃகில் மூன்று வாங்கு."
வழியில் முயல் கண்ணில் பட்டால்?
"படட்டும்."
பன்றி வந்தால்?
"வணக்கம் சொல்லு."
சில்லறையை எண்ணி வைத்தான்,
இருபத்தைந்து தோட்டாக்களை
ஒருமுறைகூட எண்ணாமல்.

சனிக்கிழமை விடியலில்
முயல் வந்தது. உட்கார்ந்தது. காதைச் சொறிந்தது.
பிறகு ஒரு சிறுமான்,
முழங்கால்வரை நீரில் இறங்கி
என் பக்கமே பார்த்துக்கொண்டு குடித்தது.
துப்பாக்கி மடியில் கிடந்தது.
அதற்குள் இருந்த இரண்டும்
இவர்களுக்கு எழுதிய கடிதங்கள் அல்ல.

வாத்துகள் தாமதமாக வந்தன.
முதல் வெடி ஏரிக்கு.
இரண்டாவதில் ஆண்வாத்து ஒன்று
மடிந்து விழுந்தது.
பிறகு கரையோரமாக அளந்தேன்:
இருபத்தாறு தப்படி.

ஞாயிறு மதியம்
ஆப்பிளும் புளித்த முட்டைக்கோசும் சேர்த்து வறுவல்.
மூன்றாவது வாயில் பல்லில் நறுக்கென்றது.
துப்பினேன்.
மிளகு இல்லை. கடுகு.
குளிர்ப்பெட்டியில் ஒட்டியிருந்த மீன் காந்தத்தைப்
பிடுங்கி வந்து காட்டினேன்.
திரும்பியும் பார்க்கவில்லை அது.
நகத்தால் கீறினேன், கோடு விழுந்தது.
ஈயம்.
தட்டில் மிச்சமிருந்த துண்டைப் பிரித்தால்
அது குடியிருந்த இடத்தைச் சுற்றி
வெள்ளையாய் ஒரு சதைமுடிச்சு,
ஆறிப்போன புண்.

என் துப்பாக்கியில் புறப்பட்டதல்ல.
போன வருஷமோ, அதற்கும் முன்போ,
இந்தக் கரையோ, எந்தக் கடலுக்கு அப்பாலோ,
யாரோ ஒருவன்
உள்ளானுக்கு நிரப்பியதை
வாத்தை நோக்கித் தூக்கியிருக்கிறான்.
அல்லது தூரத்தை ஆசையால் அளந்திருக்கிறான்.
அல்லது
அவன் சட்டையையும் யாராவது துவைத்திருக்கலாம்.
கடுகு சிறுத்தாலும் காரம் குறையாதாம்.
நாற்பது தப்படிக்கு அப்பால் குறையும்.
கொல்லப் போதாமல்,
உதிர்ந்தும் போகாமல்,
நெஞ்சில் ஏறிக் கூடவே பறக்கும்.

ரைவோ தன் தட்டைத் தள்ளி வைத்தான்.
கெர்து தன் பங்கை ஒவ்வொரு நாராகப் பிரித்துத் தேடினாள்,
பரிசு இருப்பதுபோல.

பெட்டியில் இன்னும் இருபத்துமூன்று.
பாத்திரம் கழுவிய கையோடு உட்கார்ந்து
ஒவ்வொரு தோட்டாவிலும் எழுதினேன்:
வாத்து. முப்பது தப்படிக்குள்.
கடையில் கேட்டு வாங்கிய மை,
துவைத்தாலும் போகாதாம்.