கேட்டில் மன்சியா

புந்தா அரேனாஸில் ஜூன் மாதம்
ஐந்து மணிக்கே விளக்குப் போட வேண்டும்.
விளக்கடியில், ரொட்டித் துணுக்குகளைப் புறங்கையால் ஒதுக்கி
எலெயுதேரியோ மன்சியா அந்த நோட்டை வைத்தார்.
தோல் அட்டை. ஆட்டுக் கொழுப்பின் வாடை.
ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தேழு,
பண்ணை மேலாளர் டல்லக்
பென்சிலால் எழுதிய தினக்குறிப்பு.
ஒரே ஒரு வரி போதும், செனோரா.
என் சித்தப்பா பேர் வருகிற வரி.

ஜூன் பதினாறு. பனி.
மன்சியா லெஃப்ட் அட் கேட்.

சொல்லுக்கு இவ்வளவு என்று வாங்குகிறவள் நான்.
இருபத்திரண்டு வருடமாகக்
கப்பல் சரக்குச் சீட்டும் கல்யாணச் சான்றிதழும்
நண்டு டின்னின் ஒட்டுத்தாளும் பெயர்த்த கை
இரண்டாவது சொல்லில் நின்றுவிட்டது.

சே ஃபுவே என்று எழுதினால் அவன் போனான்.
தன் காலால், தன் கோபத்தோடு,
கூலியை வாங்கியோ
முகத்தில் எறிந்தோ.

லோ தெஹாரோன் என்றால் அவனை விட்டுவிட்டார்கள்.
அந்தச் சொல்லுக்குள் ஆட்கள் இருக்கிறார்கள்.
குதிரைமேல், கழுத்துவரை பொன்ச்சோ இழுத்துக்கொண்டு,
திரும்பாத முதுகுகள்.
டல்லக்கின் ஆங்கிலத்தில் ஒருவரும் இல்லை.
நான்தான் ஒவ்வொருவருக்கும் சேணம் கட்டி
ஏற்றி அனுப்ப வேண்டும்.

இஸ்கியெர்தா என்றால் இடது பக்கம்.
அத்தை அப்படித்தான் சொல்வாள் என்றார் அவர்.
கேட்டைத் தாண்டி இடப்பக்கம் திரும்பினான்,
அந்தப் பக்கம் அர்ஜென்டினா,
ரியோ துர்பியோவில் ஒரு பெண், இரண்டு பிள்ளைகள்.
கடிதம் வந்ததா?
வந்ததாகச் சொல்வாள்.

இடது யாருக்கு?
உள்ளே வருகிறவனுக்கா, வெளியேறுகிறவனுக்கா?
ஒரு கேட்டுக்கு இரண்டு இடது உண்டு.
இதை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை.

டல்லக் சொற்சிக்கனக்காரர்.
அவர் கைப்பழக்கம் பிடிபட முன்பக்கங்களைப் புரட்டினேன்.
மாவு, அரை மூட்டை லெஃப்ட்.
நாய், இரண்டு லெஃப்ட்.
மே மாதத்தில் ஒரு பக்கம்,
மூலை மடித்திருந்தது.

இங்கேயும் அதே எழுத்துகள்தானே, செனோரா?
ஆங்கிலம் ஓர் எழுத்தும் தெரியாது அவருக்கு.
கம்பளியில் முத்திரை தேடுகிற கண்ணால்
கோட்டோடு கோடு பொருத்தி
எத்தனை இரவு உட்கார்ந்தாரோ.
அதே பென்சில், அதே அழுத்தம்,
அட் கேட் வரைக்கும் அதே.

முன்னால் இருக்கிற சொல் என்ன?
ஆடு என்றேன்.
பெட்டை ஆடு. கால் ஒடிந்தது.

கெண்டி கொதித்தது. எழுந்து நானே இறக்கினேன்.
சர்க்கரையை மூன்று தரம் கலக்கினார்,
குடிக்கவில்லை.

வெற்றிடம் விட்டால் நோட்டரி முத்திரை போட மாட்டார்.
மூன்றையும் எழுதிச் சாய்கோடு போட்டால்
சிரிப்பார், பிறகு போட மாட்டார்.
அடிக்குறிப்புக்குத் தனிக் கட்டணம்,
அதை இவரிடம் எப்படிக் கேட்பது.

மன்சியா, என் எல் போர்த்தோன்
என்று எழுதினேன்.
மன்சியா, கேட்டில்.
வினைச்சொல் இருந்த இடத்தில் ஒரு காற்புள்ளி.
போகவும் இல்லை, விடப்படவும் இல்லை,
எந்தப் பக்கமும் திரும்பவில்லை.
பனி மட்டும் அவன் தோளில்.

இது சரியான மொழிபெயர்ப்பு இல்லை.
சொற்கணக்கு மட்டும் சரி:
அங்கே நான்கு, இங்கே நான்கு.
அவரும் விரல்விட்டு எண்ணி,
நான்குக்கான பணத்தை
நாணயமாகவே வைத்தார்.

நோட்டைப் பையில் சுற்றி
மேல்கோட்டுக்குள் செருகிக்கொண்டு
வெளியே போனவர், என் வீட்டு கேட்டருகில் நின்று
பஸ் எந்தப் பக்கம் என்று கேட்டார்.

நான் சொல்லவில்லை.
கையைக் காட்டினேன்.