பின்சீட்டின் கணக்கு

செவ்வாயும் வெள்ளியும்
பொகவந்தலாவையிலிருந்து டிக்கோயாவுக்கு ஒரு ஹயர்.
ரொசலின் டீச்சர்.
முதுகெலும்பில் இரண்டு ஸ்குரூ,
மடியில் எக்ஸ்ரே உறை.
ஆஸ்பத்திரி வாசலில் கதவைத் திறந்தால்
காசுக்கு முன்னே ஓர் எண்ணை நீட்டுவார்:
"இருநூத்திப் பதினாலு."
குறை சொல்வதில்லை.
முப்பது வருசம் கணக்குப் படிப்பித்தவர்
குலுங்கியதை எண்ணாமல் வேறென்ன செய்வார்.

வண்டியை எனக்கு விற்ற பையன்
நுவரெலியாவில் ரேஸ் பார்த்துவந்த சூட்டில்
ஸ்பிரிங்கைக் குறுக்கி மஞ்சள் அடித்திருந்தான்.
வளைவில் அட்டை மாதிரி ஒட்டிக்கொள்ளும்.
நேரான ரோட்டில்
பீடித்துண்டின் மேல் ஏறினாலும் சொல்லிவிடும்.
இந்தப் பக்கம் நேரான ரோட்டு எங்கே இருக்கிறது
என்பது வேறு கதை.

முதலில் டயரில் காற்றைக் குறைத்தேன்,
முப்பத்தாறிலிருந்து இருபத்தொன்பது.
"நூத்தித் தொண்ணூறு."
காசு செலவில்லாத வழி
அதோடு முடிந்தது.

நோர்வூட்டில் உபாலி பாஸ்
வண்டியைத் தூக்கி டோர்ச் அடித்தார்.
புஷ் ரப்பர் பழைய ரொட்டியாய் வெடித்திருந்தது.
ஷொக்கிலிருந்து ஒயில் வழிந்து
அதன்மேல் ஒரு மாரிகாலச் சேறு.
"ஸ்பிரிங் துள்ளுது நங்கி,
புடிச்சி நிப்பாட்ட ஆளில்ல."

மஞ்சளைக் கழற்றிக் கொம்பனி ஸ்பிரிங் போட்டோம்,
இருப்பதிலேயே மெதுவான ஷொக்.
குழியெல்லாம் தண்ணீரில் இறங்குவதுபோல.
நான் விசிலடித்துக்கொண்டு போனேன்,
காசல்ரீ வளைவுகள் வரும்வரை.
வண்டி இடது பக்கம் சாய்ந்து
யோசித்து
வலது பக்கம் சாய்ந்தது.
கண்ணாடியில் டீச்சரின் முகம் வெளுத்திருந்தது.
சொப்பிங் பேக்கை முடிச்சுப்போட்டுக்கொண்டே சொன்னார்:
"நாப்பதுக்குப் பெறகு எண்ண முடியல, மன்னிச்சுக்க."

"கல்லுன்னா எலும்பு, மெத்தைன்னா வயிறு.
எது வேணும்?" என்றார் பாஸ்.
ரெண்டும் வேணாம் என்றேன்.
தலையைச் சொறிந்து கொழும்புக்குப் போன் போட்டார்.

பஞ்சிகாவத்தையிலிருந்து பஸ்ஸில் வந்தது
பாவித்த செட் ஒன்று,
தலையில் திருகும் குமிழ், எட்டுக் கிளிக்.
மூன்று வாரத்து ஹயர் காசு.
நாலு சில்லுக்கும் ஐந்து வைத்து
சேர்ச் வளைவுவரை ஓட்டிவிட்டு வந்தார் பாஸ்.
"ஷோக்கா இருக்கே!"

பின்னால ஏறுங்க, என்றேன்.

ஸ்டியரிங் பிடித்தவனுக்குக் குழி முன்னாலேயே தெரியும்.
அவன் அறியாமல் தோள் இறுகும்,
இடுப்பு ஒரு நூல் எழும்பும்.
பின்சீட்டுக்கு யாரும் சொல்வதில்லை.

கிரீஸ் படியாமல் சாக்கு விரித்து உட்கார்ந்தார்.
முதல் குழியில் "அம்மே!" என்றார்.
இரண்டாவதில் கூரையில் தலை.
மூன்றாவதிலிருந்து பேசவில்லை.
இறங்கி, பின்சில்லுக்கு இரண்டு கிளிக் குறைத்தார்.
மறுபடி ஏறினார்.
இன்னொன்று குறைத்தார்,
முன்னால் ஒன்று கூட்டினார்,
வேண்டாமென்று திருப்பிக் குறைத்தார்.
மழை பிடித்துக்கொண்டது.
ஆறாவது சுற்றில் தேத்தண்ணிக் கடைக்காரர்
எதையாவது தொலைத்துவிட்டீர்களா என்று கேட்டார்.

முன்னால் ஐந்து, பின்னால் இரண்டு.
டேஷ்போர்ட் மூடியின் உட்பக்கம்
மார்க்கரில் எழுதிக்கொடுத்தார்,
மருந்துச் சீட்டு மாதிரி.

வெள்ளிக்கிழமை
டீச்சர் இறங்கிச் சேலையைச் சரிசெய்தார்.
எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது,
பரீட்சைத் தாளுக்குக் கைநீட்டுகிறவளைப்போல.
"எண்பத்தி மூணு" என்றார்.
கொஞ்சம் நின்று,
"அதுல பதினொன்னு ஒன்னோடது.
பிரேக்க லேட்டா புடிக்கிற.
மிச்சம் ரோட்டோடது."

அவரை உள்ளே விட்டுவிட்டுத் திரும்பினேன்.
ஆளில்லாத பின்சீட்டு லேசாகத் துள்ளியது.
ரேடியோவை நிறுத்தி
என் பதினொன்றைத் தேடிக்கொண்டே ஓட்டினேன்.
நோர்வூட் வருவதற்குள்
ஏழு கிடைத்தது.