கிணறு பற்றி ஏதும்

போயா விடுமுறை. நகரசபை பூட்டு.
கூலி வாங்காமல் ஒரு சுவரைப் பார்க்கவேண்டும் என்பது
என் மனுசன் செபமாலைக்கு
முப்பது வருஷத்து ஆசை. மேசன்.
நான் பின் சீட்டில் ஏறினேன்.

கோட்டை வாசலில்
ஐடென்டிக்காட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்த ஆமிப் பொடியன்
எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை.
உள்ளே, ஆலமரத்தடியில்,
பார்க்கிங் துண்டை என் கையிலிருந்து இழுத்துத் தின்றது
ஒரு புள்ளிமான்.
முத்திரை, தேதி, ஐம்பது ரூபா, எல்லாம்.

மற்றவர்கள் அருச்சனைத் தட்டோடு
மலைக்கோயிலுக்கு ஏறிப் போகிறார்கள்,
செருப்பை எங்கே விடுவதென்று கேட்டுக்கொண்டு.
இவர் பாதியில் நின்று
மதிலோடு காதை ஒட்டிக்கொண்டார்.
விரல் முட்டியால் தட்டினார்.
சுண்ணாம்பு. பவளக்கல். பிறகு
வேறு சத்தம் போடுகிற ஒரு கருங்கல்.
"இது இங்கே வைக்க வெட்டின கல் இல்லை."
பாசியை நகத்தால் வழித்தார்.
தாமரை இதழின் ஓரம், தலைகீழாக.
அல்லது உளி வழுக்கின கோடு.
வெயில் ஏற ஏற அது இதழாகவும் கோடாகவும்
மாறி மாறித் தெரிந்தது.

கோயிலை இறக்கிக் கோட்டை கட்டின கதை
பள்ளிக்கூடத்தில் எல்லாரும் படித்ததுதான்.
கோபப்படுவார் என்று பார்த்தேன்.
கோபம்தான்:
"மட்டம் பிடிக்கவே இல்லை, பாருமன். அரை விரல் சாய்வு.
பயந்தவன் கட்டின சுவர்."
பறங்கிக்கு ஒல்லாந்தன் பயம்,
ஒல்லாந்தனுக்கு இங்கிலீசுக்காரன் பயம்,
இப்போது மானுக்கு நாய்ப் பயம்.

மத்தியானம்
கன்னியாவில் ஏழு சுடுகிணற்றுக்கும் இறங்காமல்
வெல்கம் விகாரைப் பக்கம் திருப்பினார்.
காட்டுக்குள் செங்கல். செங்கலுக்குள் காடு.
கூரை போன மண்டபம், வாசல் போன படி.
பலகையில் ஒரு பெயர், கல்லில் வேறொரு பெயர்.
புத்தர் நின்றபடி இருந்தார்,
அந்த வெயிலில், குடை கேட்காமல்.

காவலுக்கு இருந்த பொடியன் தொப்பியைக் கழற்றிக்கொண்டு வந்தான்.
இசங்க. ஊர் பதவியாவாம்.
எழுத்து வெட்டின கல்லைக் காட்டி,
"அக்கா, தமிழ்தானே. வாசிச்சுச் சொல்லுங்க."

பதினேழு வருஷமாக நகரசபையில்
தமிழ்க் கடிதம் பிரித்து வாசிக்கிறவள் நான்.
முழங்காலில் இருந்தேன்.
ஒரு ப. ட மாதிரி ஒன்று.
புள்ளி எங்குமில்லை.
கொம்பு எது, கீறல் எது என்று தெரியவில்லை.
கலியாண வீட்டில் கையைப் பிடித்து
"என்னைத் தெரியுதா?" என்று கேட்கிற உறவுக்காரிக்கு முன்னால் போல
வேர்த்தது எனக்கு.

"பசு," என்றேன். "விளக்கு. நெய்."
யாரோ எப்போதோ சொல்லக் கேட்டது.

அவன் இன்னும் காத்திருந்தான்.
"கிணறு பற்றி ஏதும் எழுதியிருக்கா?
மோட்டர் எரிஞ்சு ஒன்பது நாள். பவுசரும் வரயில்ல.
இவ்வளவு சாமிமார் இருந்த இடம்,
எங்கேயோ தண்ணி குடிச்சிருப்பாங்கதானே."

கல்லிடம் அப்படி ஒரு கேள்வியை
நான் கேட்டிருக்கவே மாட்டேன்.

செபமாலை எழுந்து
நிலம் எந்தப் பக்கம் இறங்குகிறதென்று பார்த்தார்.
குதிக்காலால் மிதித்து மிதித்து நடந்தார்,
பின்னால் இசங்க, பின்னால் நான்,
பாலை மரத்து வேர் வரைக்கும்.
சருகை வாரித் தள்ள,
வளைவாகக் கொஞ்சம் செங்கல்.
நடுவில் இருட்டு.
ஒரு சல்லிக்கல்லைப் போட்டார்.
மூன்று பேரும் குனிந்தோம்.

ஒன்றுமில்லை.
பிறகு, கல்லுக்கும் தனக்கும் சம்பந்தமில்லாத மாதிரி,
ஒரு தவளை.

எங்களுடைய அரைப் போத்தல் தண்ணீரை
அவனிடம் கொடுத்துவிட்டு வந்தோம்.
கயிறும் வாளியும் கொண்டு
ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்று இவர் சொன்னார்.
சொன்னால் போவார்.

திரும்பி வருகையில், நாலாம் கட்டை தாண்டி,
அவருடைய முதுகில் விரலால் எழுதிப் பார்த்தேன்.
ப.
ட மாதிரி ஒன்று.
"என்னப்பா?" என்றார்.
"ஒன்றுமில்லை. ரோட்டைப் பாருங்கோ."