அரை அங்குல வாஷர்

மாதா கோயிலுக்கு இரண்டு கோபுரம்,
இரண்டு கடிகாரம்.
வலப்பக்கம் இருப்பது ஓடும்.
இடப்பக்கம் இருப்பது வரைந்தது,
எப்போதும் பதினொன்றேகால்.
பூசை நேரம் தெரியாமல் சாத்தான் திணறட்டும் என்று
யாரோ செய்துவைத்த ஏற்பாடாம்.
சாத்தான் வந்தானோ என்னவோ,
நான் வந்தேன்
பெரிய தீவிலிருந்து இந்தக் கோசோவுக்கு,
ஏழு மணிப் படகில், ஒரு பெட்டியோடு,
வங்கிக் கிளைக்கு மாற்றலாகி.

வாடகை அறையில் குழாய் சொட்டியது.
முதல் இரவே எண்ணிவிட்டேன்:
நிமிடத்துக்கு நாற்பத்திரண்டு.

விஸ்டினின் இரும்புக்கடை
பன்னிரண்டுக்கு மூடி நாலுக்குத் திறக்கும் என்றது பலகை.
நாலரைக்குப் போனேன், பூட்டு.
ஐந்துக்கும் பூட்டு.
எதிரே பேண்டு வாத்தியக் கிளப் வாசலில்
விஸ்டினே உட்கார்ந்திருந்தார்,
காபிக் கிளாசுக்குப் பக்கத்தில் கடைச் சாவி.
"கடை எப்போது திறக்கும்?" என்றேன் அவரிடமே.
வேறு யாரையோ கேட்டதுபோல்
சதுக்கத்தை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு,
"நார்டு டிராம்போனைத் துடைத்து முடிக்கட்டும்" என்றார்.

நார்டு துடைத்தான்.
தேன்நிறச் சுவரில் நிழல் ஒரு கல்வரிசை ஏறியது.
கல் இடுக்கில் கேப்பர் செடி,
யாரும் நடாதது, பூத்திருந்தது.
ரொட்டி வண்டி ஹாரன் அடிக்க
பச்சை பால்கனியிலிருந்து கயிற்றில் கூடை இறங்கியது,
காசோடு.
ரொட்டியோடு ஏறியது.
பாதியில் நின்றது:
மேலே சல்வினாவுக்கும் கீழே மீன்காரிக்கும்
பேச்சு பிடித்துக்கொண்டது.
இருபது நிமிடம் அந்தரத்தில் ஆடியது ரொட்டி.
ஒரு பூனையைத் தவிர
யாருக்கும் அது விசேஷமாகப் படவில்லை.

சதுக்கத்தின் அந்தப் பக்கம் இன்னொரு கிளப்.
இன்னொரு பேண்டு, இன்னொரு புனிதர், இன்னொரு திருவிழா.
நார்டின் தம்பி அந்தக் கட்சி.
பதினாறு வருடமாக எதிரெதிர் நாற்காலியில்
ஒருவனை ஒருவன் பார்க்காமல் பார்த்தபடி இருக்கிறார்கள்.
மதியச் சாப்பாடு மட்டும் ஒரே மேசையில்.

"யார் வீட்டுப் பிள்ளை?" என்று கேட்டான் நார்டு.
பெயரைச் சொன்னேன், போதவில்லை.
ஊரில் குடும்பப் பெயர் பத்தோ பன்னிரண்டோ,
ஆளை அடையாளம் காட்டுவது பட்டப்பெயர்தான்.
'உப்புக்கால்' வீடு, 'பேசாத ஆடு' வீடு.
விஸ்டின் வீட்டுக்கு நாலு தலைமுறையாக 'அவசரக்காரன்'.
ஏன் என்று கேட்டேன்.
அவருடைய கொள்ளுத்தாத்தா ஒருமுறை,
ஒரே ஒருமுறை,
படகைப் பிடிக்க ஓடினாராம்.

ஆறேமுக்காலுக்குக் கடை திறந்தது.
மண்ணெண்ணெய் வாசம்.
நூறு இழுப்பறை, ஒன்றிலும் பெயர் இல்லை.
கை நேராகப் போய்
அரை அங்குல வாஷரோடு திரும்பியது.
இருபது சென்ட்.
ஐம்பதை நீட்டினேன்.
"சில்லறை இல்லை. நாளைக்கு."

மறுநாள் பூட்டு.
அதற்கடுத்த நாள் கதவில் சாவி தொங்கியது, ஆள் இல்லை.
மேசைமேல் இருபது சென்டை வைத்துவிட்டு வந்தேன்.
சாயங்காலம் நார்டு கையில் அது திரும்பி வந்தது,
கூடவே விஸ்டினின் சொல்:
"நாளைக்கு என்றேனே."

வட்டிக் கணக்கு எழுதிப் பிழைப்பவன் நான்.
நிலுவை என்றாலே விரல் அரிக்கும்.
அதை அடைக்கத்தான் தினமும் போனேன்,
அவர் "இன்று வேண்டாம்" என்பார்,
காலால் ஒரு நாற்காலியைத் தள்ளுவார்.
லம்பூக்கி மீன் வரத்து, யாருடைய வழக்கு,
எந்தக் கிளப்பின் வாணவேடிக்கை நமுத்துப் போனது,
இப்படியே கடைசிப் படகின் ஊதல் கேட்டுவிடும்.
நான் போகவேண்டிய படகாகத்தான் இருக்கும்
சில சனிக்கிழமைகளில்.

பத்து மாதம் ஆகிறது.
கிளப்பில் என்னை 'இருபது சென்ட்' என்கிறார்கள்.
என் பேரன் காலத்திலும் அதுதான் நிற்கும் போல.

வாஷரை மாட்டினாயா என்று கேட்காதீர்கள்.
சட்டைப் பையில்தான் இருக்கிறது.
நேற்று ராத்திரி எண்ணிப் பார்த்தேன்,
நிமிடத்துக்கு முப்பதுக்கு வந்திருக்கிறது,
தானாகவே.