தோடம்பழத் தோல்

மூன்றாம் தடவையாகப் பழைய சோனகத் தெரு.
நாட்டாமியின் வண்டிக்கு ஒதுங்கினால்
ஒதுங்கிய இடமே ஹில்மியின் கடைவாசல்.
"இண்டைக்காவது எடுப்பீங்களா,
தேத்தண்ணி மட்டும்தானா?"
தேத்தண்ணி வருகிறது. இஞ்சி போட்டிருக்கிறது.

கண்ணாடி மேசையில் மூன்று.
முதலாவது காற்றே இல்லாமல் பீச்சும்.
ஒரு சிகரெட் முடியுமுன் ஒரு மதில் முடியும் என்கிறார்.
என்னிடம் மதில் இல்லை.
பத்தொன்பது அலுமாரிக் கதவுகள் இருக்கின்றன,
வெள்ளவத்தையில் ஒரு ஒன்பதாம் மாடிக்கு.
பலாப்பலகை. ரேகை தெரியவேண்டும் என்று
அந்த அம்மா இரண்டு தடவை சொல்லிவிட்டார்,
மூன்றாவது தடவை வட்ஸ்அப்பில்.

இரண்டாவது பெரிய கொம்பிரசர்.
அதன் தம்பி எங்களிடம் உண்டு,
கராஜ் ஒன்று மூடியபோது யூஜின் தூக்கி வந்தது.
அது உதைத்துக் கிளம்பினால்
முடுக்கு முழுக்க பல்ப் மங்கும்.
மேல்மாடி டெல்பின், இரவு டியூட்டி தாதி,
பகல் பதினொரு மணிக்கு ஜன்னலைத் திறந்து
எங்கள் இருவரையும் பேர் சொல்லிக் கூப்பிடுவாள்.
அந்தத் தொனியில் என் பேரை
வேறு எவரும் சொன்னதில்லை.

முகத்துவாரத்தில் காற்றே பாதி தண்ணீர்.
தாங்கிக்குள் தேங்கி, குழாய்வழி வந்து,
மழைநாளில் லாக்கர் வெள்ளை பூத்தது.
பூஞ்சணம் என்று நினைத்து
துணியால் துடைத்துக்கொண்டே இருந்தான் யூஜின்.
பூக்காத நாளிலும்
பாதி மருந்து கதவில்,
பாதி முகத்துவாரத்தில்.

அந்தப் பாதியில் கொஞ்சம்
விஜேமுனியின் சிவப்பு ஓட்டோமேல் இறங்கியது.
அவர் சத்தம் போடவில்லை.
கூரையைத் தடவினார், என்னையும் தடவச் சொன்னார்.
சாண்ட்பேப்பர், எண்பதாம் நம்பர்.
கட்டிங் பொலிஷுக்குப் பதினாலாயிரம் கொடுத்தோம்.
இன்னும் எங்கள் வாசலில் அவர் ஓட்டோ நிற்பதில்லை.

மூன்றாவது டர்பைன்.
பார்த்தால் வீடு கூட்டும் மெஷின்.
அழுத்தம் குறைவு, காற்று அதிகம்,
காற்றும் இளஞ்சூடு, ஈரம் ஒட்டாது.
ஹில்மி அட்டையில் தண்ணீர் அடித்துக் காட்டினார்.
தண்ணீர் எதிலும் நன்றாகத்தான் போகும்.
பையிலிருந்து என் லாக்கரை எடுத்தேன்,
ஒரு சாண் பலாத்துண்டையும்.

முதல் அடி: தோடம்பழத் தோல்.
குட்டிக்குட்டிக் குழிகள்.
மேலே தொங்கிய குழல்விளக்கு
அதற்குள் புழுவாக நெளிந்தது.
"ஊசி பெரிசு," என்றார், "ஒண்டு புள்ளி மூண்டு போடுவம்."
மருந்தும் தடிப்பு, என்றேன் நான்.
தின்னர் ஊற்றி, கிண்ணத்தில் ஒழுகவிட்டு
இருவரும் வாய்விட்டு எண்ணினோம்,
அவர் ஒரு செக்கன் முந்தி.
இரண்டாவது அடி.
விளக்கு நேராகப் படுத்தது.
அதற்குக் கீழே ரேகை, தேன் நிறத்தில்.

இரண்டு லட்சத்து எண்பது.
போனில் யூஜின்: "இருக்கிறது இருக்கேக்க
இதென்னத்துக்கு?"
வீணாய்ப்போன டின்களை எண்ணி வைத்திருந்தேன்,
கலண்டரின் பின்பக்கத்தில், சனவரியிலிருந்து.
வாசித்தேன்.
ஒக்டோபரில் நிறுத்தச் சொன்னான்.
ஹில்மி ஐயாயிரம் குறைத்தார், பிறகு
இரண்டாவது தேத்தண்ணி சொன்னார்.

வியாழன் மழை. ஆனாலும் அடித்தோம்.
நிற்காத ஒரே இரைச்சல், மேசைவிசிறி மாதிரி.
ஒரு மணிக்கு டெல்பின் கீழே வந்தாள்,
தலைமயிர் கலைந்து, கன்னத்தில் தலையணைக் கோடு.
இருவரும் நிமிர்ந்தோம்.
"இண்டைக்கு வேலையில்லையா?" என்றாள்.

பதினெட்டுக் கதவும் கண்ணாடி.
பத்தொன்பதாவதில், மழை விட்ட கையோடு,
ஒரு ஈசல் வந்து குந்தியது.
இரண்டு சிறகும் விரித்தபடி, நடுவில், ரேகையின் குறுக்கே.
இதைப்பற்றி ஹில்மி ஒன்றும் சொல்லவில்லை.
கேட்லொக்கிலும் இல்லை.

யூஜின் மேலே போய்
டெல்பினிடம் ஒரு தையலூசி வாங்கிவந்தான்.
இப்போது தொட்டால் இழுபடும்.
காயட்டும் என்று
இருவரும் அதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறோம்.
அதன் காலொன்று இன்னும் அசைகிறது.